கதை சொல்லச் சொன்ன நர்ஸ்

"பிள்ளைக்குத் தன் நோயைப் பத்தி ஒண்ணும் தெரியாது, நீங்க வாய் தவறி எதுவும் சொல்லிடாதீங்க." ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைக் கேட்காதவர் யார்? நானே சொல்லியிருக்கிறேன்.

யூஜீனியா வேக்டர் என்ற அமெரிக்க நர்ஸ் இதைத்தான் ஆராய்ந்தார். 6 முதல் 10 வயது வரை 64 பிள்ளைகள். சில படங்களைக் காட்டி, "இதுக்கு ஒரு கதை சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

உயிருக்கே ஆபத்தான நோய் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன கதைகளில் சாவு வந்தது, தனிமை வந்தது. தன் நோயையே கதையில் வரும் பிள்ளைக்குக் கொடுத்தவர்களும் உண்டு! ஆஸ்பத்திரியில் இருந்த மற்ற பிள்ளைகளைவிட இவர்களுடைய பதற்றம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்பா அம்மா அழக்கூடாதே என்றுதான் இந்தப் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

1971-இல் வெளியான கட்டுரை இது. பயத்தைப் பேசவிட்டால் பிள்ளையின் பயம் அதிகமாகாது, தனித்து விடப்பட்ட உணர்வு குறையும் என்று அதில் எழுதினார். நம் வராந்தாக்களில் இன்னும் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.