கோ சமுய் டிக்கெட்

தாய்லாந்துத் தீவான கோ சமுய்க்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பாங்காக்கிலிருந்து ஒரு மணி நேரம்தான். எதிர்க்கரையில் இருக்கும் சூரத் தானிக்குப் போனால் பல நாட்களில் அந்த டிக்கெட் விலையில் பாதிகூட ஆகாது.

1989இல் திறந்த சமுய் விமான நிலையத்தைக் கட்டியதே ஒரு தனியார் விமான நிறுவனம். போட்டி குறைவான இடத்தில் விலை எப்படி இறங்கும்?

கையைக் கடிக்கிறது என்பவர்கள் சூரத் தானியில் இறங்கி, பஸ் பிடித்து, டோன்சாக் துறையில் படகுக்குக் காத்திருக்கிறார்கள். பெட்டி, குழந்தை, வெயில். அப்புறம் கடலில் ஒன்றரை மணி நேரம்.

டிக்கெட் விலை கூடினால் கூட்டம் குறையும், தீவு பிழைக்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவ்வளவு கொடுத்து வருகிறவர் சும்மா ஒரு குடிசையிலா தங்குவார்? கடல் தெரிய வேண்டும், வாசலிலேயே நீச்சல் குளம் வேண்டும்.

தேங்காய்க்குப் பேர்போன தீவில் தோப்புகள் சுருங்கி, வில்லாக்கள் மலைச்சரிவில் ஏறிவிட்டன. சரிவை வெட்டிய இடத்தில் பெருமழை பெய்தால் மண் கீழே இறங்குகிறது.

குடிநீரில் ஒரு பகுதியோ, கடலுக்கடியில் குழாய் போட்டு எதிர்க்கரையிலிருந்து வருகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அதுவும் போதாமல் லாரித் தண்ணீர்தான்.