நடுறதில்லங்க, புடுங்குறோம்

டிரஸ்ட் நடத்துறேன்னு சொன்னாலே "எத்தன மரம் நட்டீங்க"ன்னு தான் கேக்குறாங்க. நாங்க புடுங்குற ஆளுங்க. முதுமலை பக்கம் எங்க பாத்தாலும் உண்ணிச்செடி (லாண்டனாங்குற களை), 1800கள்ல வெள்ளக்காரன் அழகுக்குன்னு கொண்டாந்து வச்சது, குருவிங்க பழத்த தின்னு எச்சம் போட்டே காடு பூரா பரவிருச்சு, அது மூடுன எடத்துல புல்லு தலை தூக்காது, அப்புறம் மானும் காட்டுமாடும் எதத் திங்கும்? மேலால வெட்டுனா ரெண்டு மழைல திரும்ப தழைச்சிரும். வேர்க்கழுத்துக்கு, அதான் தண்டும் வேரும் சேர்ற எடத்துக்கு, கீழ வெட்டி தலைகீழா கவுத்து வைக்கணும், வேர் வெயில்ல காயணும். மொத வருஷம் இது தெரியாம மேலால வெட்டிட்டு பெருமையா போட்டோ வேற போட்டேன், எங்க டீம்ல இருக்கற குறும்பர் அக்கா இன்னைக்கும் சொல்லி சிரிக்கும்.

போன வாரம் ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் (சமூகப் பணிக்கு கம்பெனி குடுக்குற நிதி) மீட்டிங். "வெறும் எடத்த எப்படி சார் ரிப்போர்ட்ல போடறது, 500 கன்னு நட்டு நம்ம போர்டு வச்சிரலாமே"ங்குறாங்க. காட்டுக்குள்ள போர்டு! பணமும் ஒரு வருஷத்துக்கு தானாம், மண்ணுல கெடக்கற உண்ணி விதைக்கு யாரு போயி அத சொல்றது, வருஷாவருஷம் மொளைச்சிட்டே தான் இருக்கும்.

சம்பளக் கணக்கு இடிக்குது. ஆனா போன வருஷம் க்ளியர் பண்ண எடத்துல புல்லு முழங்கால் ஒசரம், நடுவுல ஈரம் காயாத காட்டுமாட்டு சாணி. போட்டோ எடுத்து அவங்களுக்கே அனுப்பிட்டேன். ப்ளூ டிக் வந்துச்சு, பதில் இன்னும் வரல 😄