ஹாஸ்கெல் கோடை எஸ்ஓ ஃபைலாக்க நான்கு நாள்

வட்டிக் கணக்குப் போடும் ஹாஸ்கெல் கோடு தயாராக இருந்தது. அதை எஸ்ஓ ஃபைலாக, அதாவது மற்ற ப்ரோக்ராம்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் ஷேர்டு லைப்ரரியாகக் கட்டி, பைத்தானிலிருந்து சிடைப்ஸ் (சி லைப்ரரிகளைக் கூப்பிடும் பைத்தான் மாட்யூல்) வழியாகக் கூப்பிட வேண்டும், வேறு எதுவும் இல்லை. ஹாஸ்கெல் ஃபங்ஷன்களை வெளி மொழிகளுக்குத் திறந்துவிடும் ஃபாரின் எக்ஸ்போர்ட் வரிகளைப் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். மிச்சத்துக்கு நான்கு நாள் போயிற்று.

முதல் நாளைத் தின்றது, கம்பைல் ஆன துண்டுகளை ஒரே ஃபைலாக இணைக்கும் லிங்கர். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சிக்கு 'ஷேர்டு' ஆப்ஷன் மட்டும் கொடுத்ததில் ரீலொகேஷன் (முகவரி பொருத்துதல்) எரர் வந்தது. எஃப்பிக் (மெமரியில் எங்கே ஏற்றினாலும் ஓடும் கோடு தரும் ஆப்ஷன்) போட்டு மறுபடி கம்பைல் செய்யச் சொன்னது. செய்தேன், அதே எரர். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்துவிட்டுச் செய்தேன், அதே எரர். சாயங்காலம்தான் அதிலிருந்த ஃபைல் பெயரைச் சரியாகப் படித்தேன். அது என் ஃபைலே இல்லை. ஜிஹெச்சியோடு வந்த 'பேஸ்' பேக்கேஜின் ஸ்டேட்டிக் லைப்ரரி. அது எஃப்பிக் இல்லாமல் கட்டப்பட்டது. என் கோடை நூறு தடவை கம்பைல் செய்தாலும் அது மாறப்போவதில்லை. கூடவே, ஷேர்டு வகை லைப்ரரிகளோடு இணைக்கச் சொல்லும் 'டைனமிக்' ஆப்ஷனையும் சேர்த்தேன், ஒரு நிமிடத்தில் எஸ்ஓ வந்துவிட்டது. எரர் வந்தால் முதலில் ஃபைல் பெயரைப் பாருங்கள்.

அதைப் பைத்தானில் லோடு செய்தால் 'அன்டிஃபைன்ட் சிம்பல்', அதாவது தேவையான ஒரு பெயர் எங்கும் கிடைக்கவில்லை. சிம்பலின் பெயர் எஸ்டிஜி என்று தொடங்கினால் ஆர்டிஎஸ் (ஹாஸ்கெல் கோடு ஓடத் தேவையான ரன்டைம்) உள்ளே வரவில்லை என்று அர்த்தம். ஷேர்டு லைப்ரரி கட்டும்போது ஜிஹெச்சி தன் ரன்டைமைத் தானாகச் சேர்க்காது; அதில் பல த்ரெடுகளை ஓட்டும் த்ரெடட் வகை வேண்டுமா என்பதை எக்ஸிக்யூட்டபிள் கட்டுகிறவர் முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிடும். என் பக்கம் எக்ஸிக்யூட்டபிள் என்பது பைத்தான்! 'எஃப்லிங்க்-ஆர்டிஎஸ்' கொடுத்ததும் தீர்ந்தது.

அடுத்தது என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஆர்டிஎஸ்ஸைத் தொடங்கும் ஹெச்எஸ்-இனிட், வேலை முடிந்ததும் அதை மூடும் ஹெச்எஸ்-எக்ஸிட் என்று ஒழுங்காக எழுதியிருந்தேன். முதல் ரிக்வெஸ்ட் சரி. இரண்டாவதில் பைத்தான் ப்ராசஸே செத்தது. ஒருமுறை மூடிய ஆர்டிஎஸ்ஸை மறுபடி தொடங்க முடியாது. சர்வர் எழும்போது ஒரே ஒரு இனிட், அணையும்போது ஒரே ஒரு எக்ஸிட், இடையில் தொடவே கூடாது.

சரத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு, சிடைப்ஸில் ரெஸ்டைப் (திரும்பி வரும் மதிப்பு எந்த வகை என்ற குறிப்பு) போட மறந்ததால் ஒரு செக்மென்டேஷன் ஃபால்ட்டும் வாங்கினேன். சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை 32 பிட் இன்ட் என்று எடுத்துக்கொண்டு சரத்தின் முகவரியான பாயின்டரை வெட்டிவிடுகிறது.

நான்காம் நாள் சர்வருக்கு அனுப்பினேன். ஏற்றியவர் போனில் "ஃபைலே இல்லைங்குது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எந்த ஃபைல் என்று கேட்டு வாங்கவே மதியமாகிவிட்டது. என் மெஷினில் ஓடியதற்குக் காரணம், ஜிஹெச்சி தன் லைப்ரரிகளின் முழுப் பாதையையும் எஸ்ஓவுக்குள் எழுதிவைப்பது. அந்த ஃபோல்டர் அங்கே ஏது? எஸ்ஓவுக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி காட்டிய ஹெச்எஸ் (ஹாஸ்கெல்) லைப்ரரிகள் எல்லாவற்றையும், பெரிய எண்களைக் கையாளும் ஜிஎம்பி லைப்ரரியையும், ஒரே ஃபோல்டரில் போட்டு, பேட்செல்ஃப் என்ற கருவியால் ஆர்பாத்தை (லைப்ரரிகளைத் தேடும் பாதையை) டாலர்-ஆரிஜின், அதாவது 'ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டர்', ஆக்கினேன். என் எஸ்ஓவுக்கு மட்டும் மாற்றினால் போதாது, காப்பி செய்த ஒவ்வொன்றுக்கும் மாற்ற வேண்டும்.

உடனே சர்வர், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 இல்லை என்றது. நான் கட்டியது உபுண்டு 22.04-இல், சர்வரில் 20.04, அங்கே 2.31தான். டாக்கரில் (தனிப் பெட்டிக்குள் வேறொரு சிஸ்டத்தை ஓட்டும் கருவி) 20.04 எடுத்து முதலிலிருந்து கட்டினேன்.

அன்று இரவு பதினொன்றரைக்கு, ஹாஸ்கெல் டெஸ்டில் பார்த்த அதே தொகைகள் சர்வரில் பைத்தான் வழியாக, பைசா பிசகாமல் வந்தன. அந்த டாக்கர் ஃபைலை மூன்று இடத்தில் சேமித்துவைத்துவிட்டுத்தான் படுத்தேன்.