நாற்பது சைட்டுக்கும் ஒரே மழை

கட்டுமான நிறுவனங்களில் எதிர்பாராச் செலவுக்கு ஒவ்வொரு சைட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குவது வழக்கம். எல்லா சைட்டையும் சேர்த்து எவ்வளவு வேண்டும் என்று கேட்கும்போதுதான் கணக்கு சறுக்கும். 40 சைட், ஒவ்வொன்றின் செலவுக்கும் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால் மொத்தத்தின் திட்டவிலக்கம் 40-இன் வர்க்கமூலம், அதாவது 6.3 கோடி. எந்த இரண்டு சைட்டுக்கும் இடையே 0.2 ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து அசையும் அளவு; முழுதாகச் சேர்ந்து அசைந்தால் 1) இருந்தால்? 780 ஜோடிகள், ஒவ்வொன்றும் இருமுறை: 1,560 × 0.2 = 312. அதோடு சைட்டுகளின் சொந்த 40 சேர்ந்து வேரியன்ஸ், அதாவது திட்டவிலக்கத்தின் வர்க்கம், 352; திட்டவிலக்கம் 18.8 கோடி. மூன்று மடங்கு! 0.2 என்பது வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் கண்ணில் படாத அளவு.

சைட்டுகளைக் கூட்டினால் ரிஸ்க் கரைந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. 40 சைட்டில் தலைக்கு 0.47 கோடி, 400 ஆக்கினாலும் 0.45-தான்.

கணக்கைச் சின்னதாக வைத்துப் பார்க்கலாம். மூன்று சைட்; திட்டவிலக்கம் 3, 4, 5 கோடி. ஒட்டுறவு: முதலுக்கும் இரண்டுக்கும் 0.5, முதலுக்கும் மூன்றுக்கும் 0.3, இரண்டுக்கும் மூன்றுக்கும் 0.2. வேரியன்ஸ்கள் 9 + 16 + 25 = 50. கோவேரியன்ஸ்கள் (ஒட்டுறவை இரண்டு திட்டவிலக்கங்களாலும் பெருக்கியது) 6, 4.5, 4, கூட்டினால் 14.5, இரட்டித்தால் 29. மொத்தம் 79, வர்க்கமூலம் 8.9 கோடி. இரட்டிக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. எக்செலின் டேட்டா அனாலிசிஸ் கருவி கோவேரியன்ஸ் அட்டவணையின் கீழ் முக்கோணத்தை மட்டும் நிரப்பும். அதை அப்படியே கூட்டினால் 64.5-தான் வரும். அந்தக் கருவி n-ஆல், அதாவது தரவுப் புள்ளிகளின் எண்ணிக்கையால், வகுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மூலைவிட்டத்தில் n−1-ஆல் வகுத்த வேரியன்ஸைப் போட்டால், 12 தரவுப் புள்ளிகள் இருக்கும்போது ஒட்டுறவெல்லாம் 8 சதவீதம் குறைந்து தெரியும்.

ஒட்டுறவு எண்கள் எங்கிருந்து வரும் என்பதுதான் உண்மையான வேலை. மாதாந்திரச் செலவை அப்படியே எடுத்து ஒட்டுறவு பார்க்கக் கூடாது. எந்த சைட்டும் மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, முடிவில் அடங்கும். அந்த வடிவமே பொய்யான ஒட்டுறவைக் காட்டிவிடும். மதிப்பீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்க வேண்டும். 40 சைட்டுக்கு 12 காலாண்டுத் தரவு போதவும் போதாது. சைட்டைவிடத் தரவு குறைவானால், ரிஸ்க்கே இல்லாத ஒரு கலவை இருப்பதுபோல அணி (அந்தக் கோவேரியன்ஸ் அட்டவணை) காட்டும்.

780 எண்களைப் பொறியாளர்களிடம் கேட்டு நிரப்புவதும் வேண்டாம். முதலுக்கும் இரண்டுக்கும் 0.9, முதலுக்கும் மூன்றுக்கும் 0.9 என்று சொன்னவர், இரண்டுக்கும் மூன்றுக்கும் 0.3 என்பார். அது சாத்தியமே இல்லை, 0.62-க்குக் கீழே போக முடியாது. செலவுகளைக் கூட்டும் கணக்கில் எல்லாம் நேர்குறி என்பதால் இந்தப் பிழை சத்தமில்லாமல் உள்ளேயே கிடக்கும். சிமுலேஷனுக்காக, அதாவது ஒட்டுறவுள்ள செலவுகளைக் கணினியில் உருவாக்கிப் பார்க்க, சோலெஸ்கி என்ற முறையில் அணியை இரண்டு காரணிகளாகப் பிரிக்கும்போதுதான் வெளியே வரும்.

பொதுக் காரணங்களைப் பிடிப்பது மேல்: கம்பி விலை, சிமென்ட் விலை, கூலி, வடகிழக்குப் பருவமழை. ஒவ்வொரு சைட்டும் ஒவ்வொரு காரணத்துக்கும் எவ்வளவு அசையும் என்று 160 எண்கள், நான்கு காரணங்களின் வேரியன்ஸும் ஜோடிகளும் சேர்ந்து 10, சைட்டின் தனி ரிஸ்க் 40. ஆக 210 போதும், 820 (780 ஜோடி, 40 வேரியன்ஸ்) வேண்டாம். ஒவ்வொரு எண்ணையும் ஒப்பந்தத்தைப் புரட்டிச் சரிபார்க்கவும் முடியும். விலையேற்றத்தைத் திரும்பப் பெறும் பிரிவு இருக்கும் சைட்டுக்குக் கம்பி விலை பெரிதாகப் படாது. மொத்தத் தொகை பேசி எடுத்த சைட்டுக்கு முழுதாகப் படும். சென்னை, செங்கல்பட்டு, கடலூர் சைட்டுகளை 2015 வெள்ளம் போன்ற ஒரு பருவம் சேர்த்தே நிறுத்தும். அமைதியான ஆண்டுகளின் தரவில் இந்த ஒட்டுறவு தெரியவே தெரியாது. அதைத் தெரிந்தே கூட்டி வைக்க வேண்டும்.

விடை வந்தபின் அணியின் வரிசைகளைக் கூட்டிப் பாருங்கள். மேலே சொன்ன மூன்று சைட்டுக்கும் 19.5, 26, 33.5. முதல் சைட்டின் சொந்த வேரியன்ஸ் 9-தான். பாதிக்கு மேல் மற்ற இரண்டோடு சேர்ந்து அசைவதால் வருவது. அதன் கம்பியை முன்கூட்டியே விலை பேசி வாங்கி, இரண்டாவதோடு உள்ள ஒட்டுறவை மட்டும் அறுத்தாலே மொத்த வேரியன்ஸ் 79-இலிருந்து 67-க்கு இறங்கும்.