பி.எஃப். பணமும் பாய் கொடுத்த முன்பணமும்

சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். 2022 அக்டோபரில் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு நண்டு கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளி பாயையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். பழைய பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக்கு ஓடு மாற்றலாம் என்று நினைத்திருந்தேன். அது கைக்கு வர ஏழு மாதம் ஆகிவிட்டது.

சிக்கல் என் இனிஷியலில். ஆதாரில் ஒற்றை எழுத்து, பி.எஃப். கணக்கிலோ அப்பா பெயரை முழுதாக எழுதி வைத்திருந்தார்கள். பெயர் பொருந்தாததால் ஆதார் இணையவில்லை. ஆதார் இணையாமல் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. இல்லாமல், பணம் எடுக்கத் தேவையான, வேலையை விட்ட தேதியை நானே பதியவும் முடியாது. கம்பெனியும் பதியவில்லை. பெயரைத் திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் நானும் பழைய கம்பெனியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் இவ்வளவு அலைச்சலும். மெயில் போட்டால், ஊழியர் தளத்தில் டிக்கெட் போடுங்கள் என்று தானாக ஒரு பதில் வரும். என் லாகினையோ கடைசி வேலை நாளன்றே மூடிவிட்டார்கள். எட்டு மெயிலுக்கும் அதே பதில்.

மே மாதம் நேரிலேயே போய்விடலாம் என்று பாயிடம் கேட்டேன். "போயிட்டு வாங்க தம்பி, எடையை நான் பாத்துக்கிறேன்" என்றார். லீவு கேட்டது அவ்வளவுதான். பழைய இடத்தில், தாத்தா இறந்த அன்றுகூட இரண்டு பேர் அனுமதி வரும்வரை காத்திருந்துதான் பஸ் ஏறினேன்.

சென்னையில் வரவேற்பறையைத் தாண்ட விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, அந்தப் பிரிவு பெங்களூருக்குப் போய்விட்டது, இங்கே பேப்பர் வாங்க மாட்டோம் என்றார். ஆறு வருடம் தினமும் ஏறி இறங்கிய கட்டடம். அன்றிரவே திரும்பிவிட்டேன்.

மறுநாள் என் முகத்தைப் பார்த்ததுமே பாய் புரிந்துகொண்டார். "மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும்ல? எவ்வளவு வேணும்?" நாற்பதாயிரம் என்றேன். எடை எழுதும் நோட்டை எடுத்தார். ஐஸ் தண்ணீர் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் உப்பிப்போன நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில், நூலில் கட்டித் தொங்கும் பென்சிலால் என் பெயரையும் தொகையையும் எழுதினார். மாதம் இரண்டாயிரம் பிடித்தம். ஃபார்ம் இல்லை, ஜாமீன் இல்லை. இத்தனைக்கும் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு நண்டு மட்டும்தான். வேலை பாதியாகக் குறைந்தும் அவர் யார் சம்பளத்திலும் கை வைக்கவில்லை.

அப்புறம் ராமநாதபுரத்தில் இருக்கும் தன் ஆடிட்டருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். பி.எஃப். அமைப்பின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடுங்கள், அந்த எட்டு மெயிலையும் சேர்த்து அனுப்புங்கள் என்றார் ஆடிட்டர். பதினோராம் நாள் பெங்களூரிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள்! கையெழுத்து வந்தது, பெயர் திருந்தியது. பி.எஃப். பணத்தையும் பென்ஷன் பங்கையும் எடுக்கும் ஃபார்ம் 19, 10சி எல்லாம் ஆன்லைனிலேயே முடிந்தது.

வேலையை விடப்போகிறீர்கள் என்றால், லாகின் கையில் இருக்கும்போதே பி.எஃப்.-இலும் ஆதாரிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்.ஆர். அனுப்பும் மெயில்களை அழிக்காதீர்கள்.

எங்கள் கம்பெனியில் பி.எஃப். இல்லை. 20 பேருக்குக் கீழே என்றால் கட்டாயமில்லை. அந்தக் குறை எனக்கும் உண்டு. அதற்காகத் தபால் நிலையத்தில் பி.பி.எஃப். என்ற நீண்டகாலச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் திரும்பப் பெரிய கம்பெனிக்குப் போகும் எண்ணம் இல்லை.

பணம் ஏறிய அன்று பாக்கித் தொகையை எடுத்துக்கொண்டு போனேன். பாய் எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். "பாம்பன் பெட்டி வந்துருச்சு, எடை போடுங்க தம்பி."