சாங்கியிலிருந்து ஆறாவது நிறுத்தம்

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் சிங்கத்தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலை, அப்புறம் மரினா பே, அப்புறம் முஸ்தபா கடை. சிங்கப்பூரில் இருக்கிற நம்மவர்கள் வீட்டில் இது எழுதாத விதி. எங்கள் வீட்டில் அந்த விதி இல்லை. இரவெல்லாம் விமானத்தில் கழுத்து வலிக்க உட்கார்ந்து வந்தவர்களை வெயிலிலும் கூட்டத்திலும் இழுத்தடிப்பானேன்? முதலில் பிடோக் நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மரத்தடியில் உட்கார வைக்கிறேன். சிங்கத்தின் வாயிலிருந்து கொட்டும் தண்ணீரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

காலை ஆறு மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். இங்கே கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும். வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட்டு வந்தால் குடிநுழைவில் தொல்லை இல்லை. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் நிரப்பலாம், அரசுத் தளத்தில் அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.

எம்ஆர்டி எனும் நகர ரயிலின் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்குக் கீழே இருக்கிறது. முதலாம் முனையத்தில் இறங்கினால் ஜுவல் கடைத்தொகுதி வழியாக நடந்து வரலாம். நான்காம் முனையத்திலிருந்து இலவசப் பேருந்து உண்டு. பயணச்சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் அதையே வாசலில் தொட்டுவிட்டுப் போகலாம். வெளிநாட்டு வங்கி அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணம் விழும். நாலைந்து நாள் தங்குகிறவர்கள் பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஈஸிலிங்க் பயண அட்டை ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

ரயில் சுரங்கத்திலிருந்து மேலேறி வெளிச்சத்துக்கு வந்ததும் எக்ஸ்போ நிலையம் வரும். அங்கே இறங்கி, நீளமான மின்படிகளில் மறுபடி பூமிக்கடியில் போய் டௌன்டவுன் பாதை ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொன்னால் முன்பக்கம் ஓடிவிடுவார்கள். அப்பர் சாங்கி, தெம்பனிஸ் ஈஸ்ட், தெம்பனிஸ், தெம்பனிஸ் வெஸ்ட், அதற்கடுத்தது பிடோக் ரெசர்வாயர். விமான நிலையத்திலிருந்து எண்ணினால் ஆறாவது நிறுத்தம். 2017 அக்டோபரில் இந்தப் பாதை திறக்கும்வரை இவ்வளவு சுலபமில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ரயிலுக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் குற்றம்தான், 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். பெட்டிகள் அதிகமென்றால் டாக்சி எடுங்கள், அல்லது விமான நிலையத்திலேயே காசு கொடுத்துப் பெட்டிகளை விட்டுவிட்டு வாருங்கள்.

நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வீவக எனும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளைத் தாண்டியதும் சட்டென்று தண்ணீர். சுற்றிவர 4.3 கிலோமீட்டர் பாதை. காலையில் ஓடுகிறவர்கள், கைவீசி நடக்கும் சீனப் பாட்டிகள், நாயோடு வருகிறவர்கள். சனி, ஞாயிறுகளில் துடுப்புப் படகுகள். தூண்டில் போடவும் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; ஆனால் புழு, இறால் எதுவும் கூடாது, செயற்கை இரைதான். கரையோரப் புல்லில் ஓர் ஆள் நீளத்துக்கு உடும்பு ஒன்று தன்பாட்டுக்குப் போகும், யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் உடும்பு இப்படிப் பகலில் உலாவினால் சாயங்காலம் உயிரோடு இருக்காது. அதிர்ஷ்டமிருந்தால் நீர்நாய்க் குடும்பத்தையும் பார்க்கலாம்.

இது இயற்கை ஏரி இல்லை. மணல் தோண்டிய பள்ளம். அதையே நீர்த்தேக்கமாக்கி 1986-இல் முடித்தார்கள். காலையில் நடக்க வரும் உள்ளூர்த் தமிழ்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், "தம்பி, அப்ப இந்தப் பக்கம் லாரியும் தூசியும்தான், யாரு காத்து வாங்க வந்தா?" என்று சிரித்தார். அதைவிட எனக்குப் பிடித்தது, தண்ணீர் வந்து சேரும் விதம். இங்கே ஆறு எதுவும் வந்து விழவில்லை. சுற்றியுள்ள குடியிருப்புப் பேட்டைகளின் கூரையிலும் சாலையிலும் பெய்கிற மழை, கால்வாய்களிலும் சேகரிப்புக் குளங்களிலும் சேர்ந்து, குழாய் வழியாக இங்கே வருகிறது. கழிவுநீருக்குத் தனிக் குழாய் என்பதால் இரண்டும் கலப்பதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தும் அதைப் பிடித்துவைக்க இடமில்லாத தீவு இது; நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை மழை பிடிக்கும் பரப்பாக்கிவிட்டார்கள். என் ஜன்னல் கம்பியில் அடிக்கும் சாரலும் ஒருநாள் யாரோ வீட்டுக் குழாயில் வரும். 2021 முதல் நீர்ப்பரப்பில் ஒரு பக்கம் சூரியத் தகடுகளும் மிதக்கின்றன. அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த ஊருக்குப் பொருத்தம்தான்.

அம்மா முதல் தடவை வந்தபோது கரையோரமாக நெடுநேரம் எதையோ தேடினார். "இவ்வளவு தண்ணி கெடக்கு, ஒரு படித்துறை கட்டலையாப்பா?" என்றார். இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, இதுதான் நாம் குடிக்கிற தண்ணீர் என்று விளக்கினேன். ஒரு நொடி யோசித்தார். "அப்ப ஊருணின்னு சொல்லு."

அதற்குமேல் விளக்க எதுவும் இருக்கவில்லை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் மாடு குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் கண்மாய் உண்டு. குடிதண்ணீர் எடுக்கும் ஊருணியில் மட்டும் கால் வைத்தால் தாத்தாமார் கம்பெடுத்து வருவார்கள். இங்கே கம்புக்குப் பதிலாகப் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அறிவிப்புப் பலகை. புதிதாக வருகிறவர்கள் இந்த ஊரின் 'கூடாது'களைக் கண்டு எரிச்சல்படும்போதெல்லாம் எனக்கு அம்மா சொன்னதுதான் ஞாபகம் வரும்.

காக்கை விஷயத்தில் மட்டும் அவர் சமாதானமாகவில்லை. காலையில் ஒரு பிடி சோறு வைக்காமல் சாப்பிட்டுப் பழக்கமில்லை அவருக்கு. இங்கே காக்கைக்கோ புறாவுக்கோ தீனி வைப்பது சட்டப்படி குற்றம். "வராத காக்காவையா கூப்பிடுறேன்? அதுவா வந்து நிக்குது!" என்று என்னிடம் வாதாடினார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த ஏரியை எனக்குக் காட்டியது சமையலறை. வந்த புதிதில் பக்கத்துப் பேட்டையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். 'லைட் குக்கிங் மட்டும்' என்பது ஒப்பந்தம். அதாவது, மேகி நூடுல்ஸ் செய்யலாம், கடுகு தாளிக்கக் கூடாது. வரவேற்பறையும் எனக்கில்லை. சாயங்காலம் எங்கே போவது? வீட்டுக்குப் பேச இந்தக் கரைக்கு வருவேன். இங்கே ஒன்பது மணியென்றால் அங்கே ஆறரை, அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். சத்தமாகப் பேசலாம், சண்டையும் போடலாம், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். போன் காதுமாக நடந்துகொண்டிருக்கும் பங்களாதேஷ், பிலிப்பீன்ஸ் ஆட்கள் எத்தனையோ பேர். முகம் பார்த்துத் தலையசைக்கும் அளவுக்கு எங்களுக்குள் பழக்கம்.

சரி, பசி எடுத்தவர்களுக்கு. அதே டௌன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியா நிலையமும் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் ஒரே ரயில், மாறவே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அந்த ரயில் சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் என்று நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அங்கே போகும். ஜாலான் புசாரில் இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கு வந்துவிடலாம். சுற்றிப் போனால் உட்கார இடம் கிடைக்கும், இட்லி கிடைக்கத் தாமதமாகும்.