கிணற்றுக்குத் திருப்பிய கூரைத் தண்ணீர்

பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கிறோம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வலுத்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பங்குனியில் அதே தெருவில் கிணறுகள் வற்றும். போன வருடம் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்தோம். அடுத்த மழைக்கே எங்கள் வாசலிலிருந்து ஆறு மாதிரி தண்ணீர் தெருவுக்கு ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் மொட்டைமாடி 84 சதுர மீட்டர். 50 மி.மீ. பெய்தால் 4,200 லிட்டர். சிதறுவதைக் கழித்தாலும் மூவாயிரத்துக்குக் குறையாது. ஒரே வீட்டின் தண்ணீர் இவ்வளவு!

பக்கத்துத் திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் ‘மழப்பொலிமா’ திட்டம் தொடங்கி, கூரை நீரை வடிகட்டிக் கிணறுகளில் விட்டார்கள். அதே முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். 200 லிட்டர் டிரம்மில் அடியில் பெரிய மெட்டல் (ஜல்லியை இங்கே அப்படித்தான் சொல்வோம்), நடுவில் கரி, மேலே மணல். அடுக்குகளுக்கு நடுவே வலை போட மறந்துவிட்டேன். முதல் மழையிலேயே மணலும் கரியும் கிணற்றுக்குள் போய்த் தண்ணீர் கறுத்துவிட்டது. அம்மா இரண்டு நாள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. டிரம்மைக் காலி செய்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நைலான் வலை விரித்து மறுபடி நிரப்பினோம். டிரம்முக்கு முன்னால் குழாயில் ஒரு வால்வும் வைத்தோம். வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதைச் செடிகளுக்குத் திருப்பிவிட வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது, குடிக்கிற கிணறு.

முற்றத்துத் தண்ணீரைக் கிணற்றில் விடவில்லை. தரையில் ஓடுகிற நீரில் என்னென்ன கலக்கும் என்று யாருக்குத் தெரியும்? பாதி இன்டர்லாக்கைப் பெயர்த்து, சுவரிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் தள்ளி இரண்டடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி மெட்டல் நிரப்பினோம். மூன்று நாளாகியும் தண்ணீர் இறங்கவில்லை. எங்கள் பக்கம் கரிசல்; நனைந்தால் உப்பி, துளைகளை அடைத்துக்கொள்ளும்.

“கறுப்பு மண்ணைத் தாண்டணும் சார், கீழே சரளை இருக்கும்” என்றார் கொத்தனார். ஐந்தடியில் சரளை தட்டியது. அங்கே நான்கு குழி போட்டு மெட்டல் இட்டதும், அடுத்த மழைத் தண்ணீர் மறுநாள் காலைக்குள் இறங்கிவிட்டது. கொசுவுக்கும் இடமில்லை.

மீதிக் கற்களைத் தை மாதம் எடுக்கப்போகிறோம். அம்மாவின் சக்கர நாற்காலி போக ஒரு பாதை மட்டும் இருக்கும்.